கம்பியின் பருமன் 0.056-ஆ, 0.057-ஆ? கூடவே பாண்டியன் பண்புநலன் (11-ம் வகுப்பு வீட்டுப்பாடம்)

கயல்_11

இரண்டு வீட்டுப்பாடம், இரண்டிலும் குழப்பம்.

முதலாவது இயற்பியல். ஒரு செம்புக் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் ஐந்து இடத்தில் அளந்து, நீளத்தை மீட்டர் அளவுகோலால் அளந்து, பருமன் (கன அளவு) கண்டுபிடிக்கணும். புரியிடைத் தூரம் (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 1 மி.மீ., தலைக்கோலில் (சுற்றும் வட்ட அளவுகோல்) 100 பிரிவு. புரிக்கோல் (நீளவாக்கு அளவுகோல்) அளவு ஐந்து முறையும் 0. தலைக்கோல் ஒன்றிப்பு (வரைகோட்டோடு ஒன்றும் பிரிவு) 57, 58, 56, 58, 57. கம்பி இல்லாமல் மூடிப் பார்த்தப்போ தலைக்கோலின் சுழி (0) வரைகோட்டுக்கு 3 பிரிவு கீழே நின்றது. நீளம் 24.6 செ.மீ. எனக்கு 0.056 க.செ.மீ. வருது. பக்கத்து பெஞ்சில் 0.057. இன்னும் இரண்டு பேருக்கு 0.070. எல்லாரும் ஒரே அளவீட்டை வைத்துத்தான் செய்தோம்.

இரண்டாவது தமிழ். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பண்புநலனை விளக்கணும். நான் ‘ஆராயாமல் கொல்லச் சொன்ன கொடுங்கோலன்’னு எழுதினேன். தோழி ‘நீதிக்காக உயிரை விட்ட நேர்மையாளன்’னு எழுதியிருக்கா. எது சரி?

அளவி

இயற்பியலை நான் எடுத்துக்கொள்கிறேன். சரியான விடை 0.057. உங்களுக்கு 0.056 வந்ததற்குக் காரணம் அநேகமாக ஒரே ஒரு படி. சராசரி விட்டத்தை முழுமைப்படுத்திவிட்டுப் பிறகு வர்க்கம் எடுத்திருப்பீர்கள். போட்டுப் பார்ப்போம்.

மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) = 1 மி.மீ. ÷ 100 = 0.01 மி.மீ. சுழி கோட்டுக்குக் கீழே நின்றால் நேர் சுழிப்பிழை, +0.03 மி.மீ. ஆகவே சுழித்திருத்தம் −0.03 மி.மீ. திருத்திய விட்டங்கள்: 0.54, 0.55, 0.53, 0.55, 0.54. கூட்டினால் 2.71. ஐந்தால் வகுத்தால் 0.542 மி.மீ.

இங்கேதான் வழி பிரிகிறது. பருமன் = π × விட்டம்² × நீளம் ÷ 4. விட்டத்தை 0.0542 செ.மீ. என்று அப்படியே வைத்தால் 0.05676 க.செ.மீ. வரும். அதை இரண்டு முக்கிய எண்ணுருக்களுக்கு (அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்கள்) முழுமைப்படுத்தினால் 0.057. விட்டத்தை முன்கூட்டியே 0.054 ஆக்கிவிட்டால் 0.05634, அது 0.056 ஆகிவிடும். விட்டத்தில் வெட்டியது 0.4 சதவீதம்கூட இல்லை. ஆனால் வர்க்கம் எடுக்கும்போது அது இரட்டிப்பாகிறது. 0.0565 என்ற எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டிய விடை அந்தப் பக்கம் போய்விட்டது.

நடுப்படிகளில் தேவைக்கு மேல் ஒன்றோ இரண்டோ இலக்கத்தைக் கூடுதலாக வைத்திருங்கள். கால்குலேட்டரில் செய்தால் நடுவில் எதையும் அழித்துத் திரும்பத் தட்டாதீர்கள், நினைவகப் பொத்தான் அதற்குத்தான். முழுமைப்படுத்துவது கடைசி வரியில், ஒரே ஒரு முறை.

புரிக்கோல்

அளவி சார் சொன்னது சரி. மத்தவங்க விடையையும் பார்த்துடலாம். தப்பான விடையைப் பார்த்தே தப்பு எங்கேன்னு சொல்லிடலாம், இந்தக் கணக்குக்கு அது ரொம்ப நல்லா வேலை செய்யும்.

0.070 வந்தா இரண்டு சாத்தியம். ஒண்ணு, சுழித்திருத்தத்தைக் கழிக்காம கூட்டியிருக்காங்க. 0.57 + 0.03 = 0.60 மாதிரி. சராசரி 0.602 ஆகும், பருமன் 0.0700. இன்னொண்ணு, ஆரம் 0.271 மி.மீ.யை 0.3 ஆக்கிட்டாங்க. அப்பவும் 0.0696, முழுமைப்படுத்தினா அதே 0.070. ரெண்டு வேற தப்பு, ஒரே விடை. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சுன்னு விட்டுடாதீங்க, நோட்டைத் திறந்து எந்தப் படின்னு பாருங்க.

0.23 வந்தா ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே வர்க்கம் எடுத்திருக்காங்க, நாலு மடங்கு. 5.7 வந்தா விட்டம் மி.மீ.யிலேயும் நீளம் செ.மீ.யிலேயும் இருக்கு. 57 வந்தா தப்பே இல்ல, முழுக்க மி.மீ.யில போட்டிருக்காங்க. அலகை க.மி.மீ.ன்னு எழுதினா போதும்.

அளக்கும்போதே வர்ற பிழையும் இருக்கு. தலைப்பகுதியை நேரடியா பிடிச்சுத் திருகினா மென்மையான செம்பு நசுங்கி விட்டம் குறைச்சலா காட்டும். கடைசியில இருக்கிற ராட்செட்டைத் திருகி, ‘டிக் டிக்’னு கேட்டதும் நிறுத்தணும். ஒரு தடவை தாண்டிட்டா கொஞ்சம் பின்னாடி கொண்டுவந்து அப்படியே படிக்கக்கூடாது. நல்லா திறந்துட்டு மறுபடி ஒரே திசையில மூடிக்கிட்டு வரணும், இல்லன்னா பின்னடைவுப் பிழை (புரித் தளர்வால வர்றது) வரும். ஒவ்வொரு இடத்துலயும் கம்பியைக் கால் சுற்று திருப்பி இன்னொரு அளவும் எடுங்க. கம்பி முழு வட்டமா இருக்கும்னு உறுதி கிடையாது. மோட்டார் சுத்துற கம்பின்னா மேல எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டாம அளந்தா நீங்க அளக்கிறது செம்பை மட்டும் இல்ல.

கயல்_11

0.056 எப்படி வந்ததுன்னு புரிஞ்சிடுச்சு, அதேதான் செய்தேன். மூணு சந்தேகம். (1) விடை ஏன் இரண்டு எண்ணுருதான்? நீளத்தில் மூணு இருக்கே. (2) சராசரியில் 5-ஆல் வகுக்கிறோம், 5-க்கு ஒரு எண்ணுருதானே, அப்போ விடையும் ஒண்ணா? (3) கடைசியில் 5 வந்தால் கூட்டணும்னு சின்ன வகுப்பில் படிச்சோம். இப்போ புத்தகத்தில் இரட்டை எண், ஒற்றை எண்ணுன்னு வேற மாதிரி இருக்கு.

அளவி

(1) பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த எண்ணுரு உள்ள அளவீடு எதுவோ அதுவே விடையைக் கட்டுப்படுத்தும். 0.54-இல் இரண்டு, முன்னால் உள்ள சுழி கணக்கில் சேராது. 24.6-இல் மூன்று. ஆகவே இரண்டு. 0.070 என்று எழுதினால் கடைசிச் சுழி கணக்கில் சேரும், அதுவும் இரண்டுதான். கூட்டல், கழித்தலுக்கு விதி வேறு. அங்கே பார்க்க வேண்டியது தசம இடம், எண்ணுரு எண்ணிக்கை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் விடைத்தாளில் அதிகம் வரும் தவறு.

இன்னொன்று. கம்பியின் நுனி சரியாக 24 செ.மீ. கோட்டில் நின்றிருந்தால் 24 என்று எழுதக்கூடாது, 24.0 என்று எழுத வேண்டும். மில்லிமீட்டர் வரை பார்த்தோம், பார்த்த இடத்தில் சுழி இருந்தது என்று அந்த 0 சொல்கிறது.

(2) இல்லை. 5 என்பது எண்ணிப் பெற்ற எண். நீங்கள் ஐந்து முறை அளந்தீர்கள், 5.1 முறை அல்ல. வாய்பாட்டில் வரும் 4-ம், ஆரத்துக்காக வகுக்கும் 2-ம் அப்படியே. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லாததால் எண்ணுரு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாது.

(3) இரண்டும் விதிகள்தாம், பயன்பாடு வேறு. மேல்நிலை இயற்பியலில் நீக்கும் இலக்கம் சரியாக 5 மட்டும் (அல்லது 5-க்குப் பின் சுழிகள் மட்டும்) என்றால், முந்தைய இலக்கம் இரட்டையாக இருந்தால் விட்டுவிடு, ஒற்றையாக இருந்தால் ஒன்று கூட்டு. 7.25 என்பது 7.2. 7.35 என்பது 7.4. ஆனால் 7.2501 என்பது 7.3. 5-க்குப் பிறகு சுழி அல்லாத எதுவும் இருந்தால் அது பாதிக்கு மேல், கூட்டத்தான் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி என்றால், 0.5, 1.5, 2.5 என்று 9.5 வரை பத்து எண்களை எடுத்துக் கூட்டுங்கள். 50 வரும். ஒவ்வொன்றையும் ‘5 வந்தால் கூட்டு’ என்று முழு எண்ணாக்கினால் 1 முதல் 10 வரை, கூட்டுத்தொகை 55. இரட்டை விதியில் 0, 2, 2, 4, 4, 6, 6, 8, 8, 10, கூட்டுத்தொகை 50. எப்போதும் மேல்நோக்கித் தள்ளினால் பிழை ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகும். இரட்டை விதியில் பாதி மேலே, பாதி கீழே போய் ஈடாகிவிடும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2 சொல்வதும் இரட்டை விதியைத்தான். பைத்தானில் 2.5-ஐ முழுமைப்படுத்தச் சொன்னால் 2 தரும், எக்ஸெல் 3 தரும். இரண்டும் வேறு வேறு விதியைப் பின்பற்றுகின்றன, பழுது எதுவும் இல்லை.

படிப்படியாக முழுமைப்படுத்துவதும் கூடாது. 2.449-ஐ ஒரு தசம இடத்துக்கு என்றால் 2.4. முதலில் 2.45, பிறகு ‘5 வந்தால் கூட்டு’ என்று 2.5 எழுதினால் தவறு.

ஆய்வகன்

ஒரு மாற்றுக் கருத்து. 0.056-ம் 0.057-ம் பிழை எல்லைக்குள் ஒன்றுதானே? விட்டத்தின் பிழை 0.01 / 0.54, ஏறக்குறைய 1.9 சதவீதம். வர்க்கத்தில் 3.7. நீளத்தில் 0.1 / 24.6, அது 0.4. மொத்தம் 4.1 சதவீதம். 0.0568-இல் 4.1 சதவீதம் 0.0023. அதாவது உண்மைப் பருமன் 0.055-க்கும் 0.059-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மூன்றாம் தசமத்தில் ஒன்றுக்காக இவ்வளவு சண்டை தேவையா?

அளவி

இயற்பியலாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, கயல் இந்தக் கணக்கையும் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். ஆனால் கருவியின் பிழையும் நம் கணக்கிடும் பிழையும் ஒன்றல்ல. கருவி தரும் ஐயத்தை நம்மால் தவிர்க்க முடியாது. நடுவழியில் வெட்டுவதால் வருவது நாமாகச் சேர்ப்பது, அது எப்போதும் தவிர்க்கக் கூடியது. இங்கே நான்கு படி, அதனால் 0.0004 மட்டும் நகர்ந்தது. வெப்ப ஏற்புத்திறன் போன்ற சோதனையில் நெருக்கமான இரண்டு வெப்பநிலைகளைக் கழிப்போம். அங்கே முன்கூட்டியே வெட்டினால் வித்தியாசமே காணாமல் போகும்.

அந்த ±0.01-க்கு இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. ஐந்து அளவுகளும் 0.542-இலிருந்து விலகுவது 0.002, 0.008, 0.012, 0.008, 0.002. இவற்றின் சராசரி, அதாவது சராசரி தனிப்பிழை, 0.0064, இரண்டாம் தசமத்துக்கு 0.01. மீச்சிற்றளவும் அதுவே. ஆகவே அறிக்கையில் விட்டம் 0.54 ± 0.01 மி.மீ., கணக்கில் 0.542.

தமிழ்க் கேள்வியையும் பார்த்தேன். அது என் துறை அல்ல. ஆனாலும் ‘கொடுங்கோலன்’, ‘நேர்மையாளன்’ இரண்டுமே நடுப்படியில் வெட்டிய எண் போலத்தான் எனக்குத் தெரிகின்றன.

மாடமதுரை

அளவி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கயல் கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதையோடு நிறுத்திவிட்டார், தோழி கண்ணகி நீதி கேட்கும் வழக்குரை காதையில் தொடங்குகிறார். மூன்றாவதாக வஞ்சிக் காண்டம் ஒன்று இருக்கிறது, அதை இருவருமே தொடவில்லை.

ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது நான்கு இடத்தில் தேட வேண்டும்: அவர் செய்வது, அவர் பேசுவது, பிறர் அவரைப் பற்றிச் சொல்வது, கவி தன் குரலில் சொல்வது. நான்கும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடம்தான் விடைக்குச் சுவை.

முதலில் கொலைக்களக் காதை. ஆடல் மகளிரிடம் அரசன் மனம் போனது என்று தேவி ஊடல் கொள்கிறாள். அதைச் சொல்லாமல் தலைவலி என்று எழுந்து போகிறாள். அரசன் அமைச்சர் சுற்றத்தை விட்டு நீங்கி அவள் அரண்மனைக்குப் போகிறான். வாயிலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவனே அவன். அரசன் மனம் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இல்லை என்பதை இளங்கோ எவ்வளவு நுணுக்கமாக அமைத்திருக்கிறார் பாருங்கள். அமைச்சர் இல்லாத இடத்தில், தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் கட்டளை பிறக்கிறது.

அந்தக் கட்டளையைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும்: ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருக என்பது பொருள். ‘ஆகில்’ என்று நிபந்தனை இருக்கிறது. கண்மூடித்தனமாக ‘கொல்’ என்று அவன் சொல்லவில்லை. ஆனால் நிபந்தனை தவறான ஒன்றைச் சோதிக்கிறது. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது உண்மை. அது ‘அச்’சிலம்புதானா என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்த ஒற்றை ‘அ’தான் ஆராயப்படாத பகுதி. கவியும் இங்கே தன் குரலில் ‘தேரானாகி’ என்கிறார், ஆராயாதவனாகி.

இப்போது வழக்குரை காதை. கண்ணகி அரசனிடம் பேசத் தொடங்கும் முதல் சொல் ‘தேரா மன்னா’. கவி பயன்படுத்திய அதே சொல்லை அவள் வாயில் வைக்கிறார். இது தற்செயல் அல்ல.

அரசன் முதலில் தற்காப்பாகப் பேசுகிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று. பிறகு அவள் தன் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) மாணிக்கம் என்கிறாள். இங்கே நிதானமாகப் படிக்கணும். அவன் உடனே ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’, எம் சிலம்பின் பரல் முத்து, என்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். தனக்கு எதிரான சாட்சியை அவனே முதலில் எடுத்து வைத்து, சிலம்பையும் கொண்டுவரச் சொல்லி அவள் முன் வைக்கிறான். தோழி சொன்ன ‘நேர்மை’க்கு மிக வலுவான சான்று இந்த வரி. உயிர்விட்டதைவிட இது வலுவானது என்பது என் கருத்து. உயிர்விட்டது உண்மை தெரிந்த பிறகு. இது உண்மை தெரிவதற்கு முன்.

உரைவழி

நல்ல விளக்கம். ஆனால் ஊழை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ‘தேரானாகி’க்கு முன்னாலேயே இருக்கிறது. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது காப்பியத்தின் மூன்று உண்மைகளில் ஒன்று. அப்படியானால் பாண்டியன் மீது குற்றம் சுமத்துவது எப்படிப் பொருந்தும்?

மாடமதுரை

கேட்க வேண்டிய கேள்வி. நூலின் முன்னுரையான பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. அவற்றில் ஊழும் உண்டு, அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. அரசன் வீழும்போது என்ன சொல்கிறான்? ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்’. ஊழின் பெயரை எடுக்கவே இல்லை. கொல்லனைச் சொல்கிறான், ஆனால் கொல்லன் பொய் சொன்னது அங்கே குற்றமாக வரவில்லை, தான் ‘கேட்டது’தான் வருகிறது. ஊழ் என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தும் அவன் அதை எடுத்துக்கொள்ளாததே அவன் பண்பு. மாணவர் விடையில் ‘ஊழால் நிகழ்ந்தது’ என்று மட்டும் எழுதினால் பாத்திரமே காணாமல் போய்விடும்.

வஞ்சிக் காண்டத்துக்கு வருகிறேன். செய்தி கேட்ட சேரன் செங்குட்டுவன் சொல்வது: வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது. கோல் வளைந்ததை அவன் மறுக்கவில்லை, நிமிர்ந்ததையும் சொல்கிறான். வாழ்த்துக் காதையில் தெய்வமான கண்ணகியே ‘தென்னவன் தீதிலன்’ என்கிறாள், நான் அவன் மகள் என்கிறாள். ‘தேரா மன்னா’ என்றவள் வாயிலிருந்தே ‘தீதிலன்’ வருகிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் உள்ள தூரம்தான் நெடுஞ்செழியன் பாத்திரம்.

கயல், எழுதும்போது கதையைத் திரும்பச் சொல்லாதேம்மா. ஒவ்வொரு பண்புச் சொல்லுக்கும் பின்னால் ஒரு அடி நிற்கணும். அடி கிடைக்காத பண்பை எடுத்துவிடு. ‘வீரமானவன்’ என்று நிறைய பேர் பழக்கத்தில் எழுதுகிறார்கள், இந்தக் காதைகளில் அதற்கு வேலையே இல்லை.

புரிக்கோல்

பொற்கொல்லனைப் பத்தி கேள்வி வந்தா அவனுக்கும் இதே மாதிரி பாருங்க. ‘கெட்டவன்’னு எழுதினா போதாது. காவலர்ல சிலர் கோவலனைப் பார்த்து ‘கொலைப்படு மகன் அலன்’ (கொல்லத் தக்கவன் இல்ல)னு தயங்கினாங்க. அவங்களை வழிக்குக் கொண்டுவர கள்வர் பயன்படுத்தும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவின்னு எட்டையும் விளக்குறான். திருட்டைப் பத்தி அவ்வளவு தெரிஞ்சவன் பேச்சே அவனைக் காட்டிக்கொடுக்குது, கேட்கிறவங்க கவனிக்கல.

கயல்_11

இரண்டையும் மாற்றி எழுதிட்டேன். பார்த்துச் சொல்லுங்க.

இயற்பியல்: விட்டம் 0.54 ± 0.01 மி.மீ. பருமன் = 0.0568 ± 0.0023 க.செ.மீ.

தமிழ்: ‘தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், ஆராயாமல் தீர்ப்பு வழங்கியவன், “தேரானாகி” எனக் கவியும் “தேரா மன்னா” எனக் கண்ணகியும் ஒரே சொல்லால் இதைக் குறிக்கின்றனர். கையில் சிலம்பு உண்டா என்று மட்டும் பார்க்கச் சொன்னான், யாருடைய சிலம்பு என்று பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் தவறு வெளிப்படும் முன்பே “யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே” என்று தனக்கு எதிரான சான்றைத் தானே வைத்தான். பழியை ஊழின் மீதோ கொல்லன் மீதோ போடாமல் “யானே கள்வன்” என்றான். முதலில் குற்றம் சாட்டிய கண்ணகியே பின்னர் “தென்னவன் தீதிலன்” என்கிறாள்.’

அளவி

பருமனில் ஒரு திருத்தம். பிழையை ஒரு எண்ணுருவுக்கு வைத்து, விடையை அதே தசம இடத்தில் நிறுத்துங்கள்: 0.057 ± 0.002 க.செ.மீ. 0.0568 மேல் வரியில், கணக்குக்குள் இருக்கட்டும்.

மாடமதுரை

நல்லா வந்திருக்கும்மா. முதல் அடைமொழியை மட்டும் மாற்று. தலையாலங்கானத்துச் செருவென்றவன் வேறொரு நெடுஞ்செழியன். இவன் ஆரியப்படை கடந்தவன், அரசுகட்டிலில் துஞ்சியவன் என்று மதுரைக் காண்டத்தின் இறுதிக் கட்டுரை சொல்கிறது. ‘அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்’ என்றே தொடங்கு.